திருப்பிக் கொடுத்த பாலிசி

“எங்கிட்ட எடுத்த பாலிசியத் திருப்பிக் குடுத்தீங்கள்ல அத்தான், இப்ப வரி கட்டுங்க. நல்லா கட்டுங்க.”

நந்தகோபால் அண்ணாச்சி மாடிப்படி ஏறும்போதே சத்தம் போட்டுக்கொண்டுதான் வந்தார். கீழே ஜெராக்ஸ் கடையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

கோவில்பட்டியில் நான் வேலை பார்க்கிற, வருமான வரிக் கணக்கு போட்டுக் கொடுக்கிற ஆபீஸ் அது. என் எதிரே ராஜமணி சார். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். அண்ணாச்சி அவர் மனைவியின் தம்பி, இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

ரிட்டயர் ஆன பணத்தை மார்ச்சில் மச்சினன் மூலமாகப் பென்ஷன் பாலிசியில் போட்டார் சார். வேண்டாமென்றால் ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஏப்ரலில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே பணத்தைப் பசுவந்தனை சத்யபிரியாவிடம் புது பாலிசியாகப் போட்டுவிட்டார். ஆனால் ஜூலையில், மார்ச்சோடு முடிந்த வருஷத்துக்கு வரி ரிட்டர்ன் போடும்போது, பழைய ரசீதை வைத்து வரிச்சலுகை எடுத்தாயிற்று. இப்போது அதை நீக்கித் திருத்திய ரிட்டர்ன் போட வேண்டும். வட்டியோடு வரியும் கட்ட வேண்டும்.

விஷயம் கேள்விப்பட்டு சத்யபிரியாவும் வந்திருந்தாள். கயத்தாறு ரோட்டில் லாரி மோதிப் புருஷன் போன பிறகு, கைப்பிள்ளையோடு ஏஜென்ட் ஆனவள். சார் போட்டதுதான் அவளுக்கு முதல் பாலிசி.

“மாமா, எனக்கு வந்த கமிஷன வரிக்கு வச்சுக்கோங்க. என்னால உங்களுக்கு நஷ்டம். இந்தத் தொழில விட்டுருதேன். தீப்பெட்டி ஆபீசுக்கே லேபிள் ஒட்டப் போறேன்.”

சார் வாய் திறக்குமுன் அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

“அதான் சரி. இது என்ன தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுத வேலையா? நேத்து வந்த புள்ள எங்கிட்டருந்து பாலிசியப் பறிச்சா வெளங்குமா?”

“நான் பறிக்கல அண்ணாச்சி. மாமாதான் வீடு தேடி வந்து கேட்டாவ.”

“அழுதிருப்ப. அவரு எரக்கப்பட்டுப் போட்டிருப்பாரு.”

“அழல. அவியளுக்குப் பின்னால அத்தைக்கும் பென்ஷன் வார திட்டத்த எடுத்துச் சொன்னேன். நீங்க அதச் சொல்லவே இல்லியாம்.”

“ஓ, எனக்கே பாடம் நடத்துதியோ? எங்க, வேற ஆளுட்ட போய்ச் சொல்லு பாப்போம். இந்த மாசம் இன்னொரு பாலிசி நீ புடிச்சிட்டா, என் பேக்க உங்கிட்ட குடுத்துட்டு வீட்டுல உக்காந்துருதேன்.”

அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

“ஒண்ணு இல்ல அண்ணாச்சி, ரெண்டு. எப்போதும்வென்றான் ஊரு ஸ்கூல்ல டீச்சர்மாருட்ட பேசி வச்சிருக்கேன். இப்பமே போறேன். நீங்க பேக்கத் தொடச்சு வைங்க.”

கமிஷன் பேச்சையும் மறந்து, விடுவிடுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

நானும் பிள்ளையை வைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறவள்தான். பொறுக்கவில்லை.

“ஏன் அண்ணாச்சி, ஒரு பொம்பளப் புள்ளய இப்படியா பேசுவீங்க?”

அவர் ஜன்னல் பக்கம் போய், அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து என் மேஜையில் வைத்தார்.

“இது அத்தானோட வரிக்கும்மா. எங்கிட்ட எடுத்தத திருப்பிக் குடுத்துட்டு அந்தப் புள்ளகிட்ட போடுங்கன்னு நாந்தான சொன்னேன். அவரு எதுக்குக் கட்டணும்?”

நான் சாரைப் பார்த்தேன். அவர் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்.

“திட்டு கொஞ்சம் கூடிப்போச்சோ அத்தான்?”