மாவுக்கட்டு போட்ட கொலைகாரன்

காலில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு படுத்திருந்த லாட்ஜ் மேனேஜர், மூன்று மாடி ஏறிப்போய் ஒருவனைத் தள்ளிவிட்டுக் கொன்றான் என்றால் யாராவது நம்புவார்களா? ஆரணியில் தார் சுற்றும் அந்தக் கொட்டகையில் நம்பினார்கள். சூர்யகலா மட்டும் நம்பவில்லை.

தறிக்கு வேண்டிய ஊடை நூலைச் சின்னச் சின்னக் குச்சிகளில் தாராகச் சுற்றித் தருவதுதான் அங்கே வேலை. கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது? அதனால் மதிவதனி நூலகத்திலிருந்து கிரைம் நாவல் எடுத்துவந்து உரக்கப் படிப்பாள். அவள் சுற்ற வேண்டிய தாரை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

கொலைகாரன் யார் என்று பாதிக் கதையிலேயே பந்தயம் நடக்கும். தப்பாகச் சொன்னவர் ஒரு வாரத்துக்கு எல்லாருக்கும் டீ வாங்கி வர வேண்டும். மூன்று வருஷமாக சூர்யகலா டீக்கடைப் பக்கம் போனதில்லை. அந்தக் கர்வம் அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

செல்லியம்மாள் பந்தயத்துக்கே வரமாட்டாள். எனக்கு என்ன தெரியும் என்று சிரித்துக்கொண்டே ராட்டையைச் சுற்றுவாள்.

இந்த முறை நாவலில் காதலும் சேர்ந்துகொண்டது. புருஷனை இழந்த ஒரு டீச்சர். அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று வரும் ஒரு பேங்க் ஆபீசர். டீச்சரின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆபீசர் ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்து ஆறுதல் சொன்னார்.

காதல் கட்டம் வந்தால் கொட்டகையே ஓரக்கண்ணால் செல்லியம்மாளைப் பார்க்கும். அவளும் புருஷனை இழந்தவள்தான். போளூரில் பம்ப்செட் மெக்கானிக்காக இருக்கும் அன்பழகன் அவளைக் கேட்டு ஆள் அனுப்பி ஆறு மாதம் ஆகிறது. ஆடி கழியட்டும் என்றாள். ஆவணியும் போய்விட்டது. அவளுக்குப் பயம். யார் சொல்லியும் அது போகவில்லை.

ஆறாவது அத்தியாயத்திலேயே சூர்யகலா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "அந்த ஆபீசருதான். இவ்ளோ நல்லவனா ஒருத்தன் சுத்திகினு இருந்தா அவன்தான் கொலைகாரன்."

கடைசி அத்தியாயத்தை மதிவதனி தடுமாறித் தடுமாறிப் படித்தாள். கொலை செய்தது லாட்ஜ் மேனேஜராம். டீச்சருக்கும் ஆபீசருக்கும் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணமாம்.

"அவன் கால்ல மாவுக்கட்டு இருந்திச்சே, எப்படிடீ மாடி ஏறினான்?" என்றாள் சூர்யகலா.

"கட்டு பிரிச்சிட்டாங்கக்கா" என்றாள் மதிவதனி, புத்தகத்தை விட்டுத் தலை நிமிராமல்.

சூர்யகலா டீ வாங்கி வந்தாள். நான்கு நாள் பொறுத்தாள். சனிக்கிழமை நேராக நூலகத்துக்குப் போய், அதே நாவலை எடுத்து, அலமாரி ஓரத்தில் நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்தாள்.

ஆபீசருக்குத்தான் விலங்கு மாட்டியிருந்தார்கள். டீச்சரையும் கொல்லப் போன இடத்தில் பிடிபட்டிருந்தான். மேனேஜர் கடைசிப் பக்கம் வரை மாவுக்கட்டோடு கட்டிலில்தான் கிடந்தார்.

தன் வேலையை நம் தலையில் கட்டிவிட்டு, முடிவையும் மாற்றிப் படித்திருக்கிறாளே என்று சூர்யகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிடுவது என்றுதான் கிளம்பினாள்.

கொட்டகையில் எல்லார் கையிலும் லட்டு. நேற்று அன்பழகன் வீட்டிலிருந்து வந்து செல்லியம்மாளுக்குப் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஐப்பசியில் கல்யாணம்.

சூர்யகலா மதிவதனியைப் பார்த்தாள். மதிவதனி அவள் பையைப் பார்த்தாள். அந்த முகம் போன போக்கிலேயே சூர்யகலாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தேடி வந்தவன்தான் கொலைகாரன் என்று அன்றைக்குப் படித்திருந்தால் இந்த லட்டு ஏது?

"இன்னாக்கா, லைப்ரரிக்குப் போனியாமே?" என்று யாரோ சீண்டினார்கள்.

சூர்யகலா லட்டை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். மூன்று வருஷத்துக் கர்வத்தையும் சேர்த்தே விழுங்க வேண்டியிருந்தது.

"போனேன். மேனேஜருதான். நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றாள். பிறகு டீ வாங்கக் கிளம்பினாள். அந்த வாரத்தில் இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது.

பாத்திரத்தைத் தூக்க செல்லியம்மாளும் கூட வந்தாள். தெருமுனையில் சூர்யகலாவின் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

"அந்தப் புக்கைப் போன வருஷமே நான் படிச்சிட்டேன்க்கா. எனக்காக மதி அந்த மேனேஜரை மாடி ஏத்தினா பாரு, அன்னிக்குத்தான் அன்பழகனுக்கு சரின்னு சொல்லி அனுப்பிச்சேன். இன்னிக்கு நீயும் ஏத்திட்டியே."