துளசிராமன் பாட்டில் ஒரு நிறுத்தம்

தேசப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் அன்று ஆயுதபூஜை. மிஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்தாயிற்று. குடும்பத்தோடு வந்தவர்கள் பொரியும் சுண்டலும் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மைக்செட்டுக்காரர் அடுத்த ரெக்கார்டை எடுத்துத் துடைக்கிறார்.

துளசிராமன் ரெக்கார்டு.

பாடகர் துளசிராமன் போய் ஒரு வருஷம் ஆகிறது. பாட்டு போகவில்லை. கல்யாணத்தில், டீக்கடையில், மெட்ராஸ் போகிற ரயிலில் யாராவது முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்த நாலு பேரை யாருக்குத் தெரியும், சொல்லுங்கள்? ரெக்கார்டு அட்டையில் அவர் படம் மட்டும்தான்.

அந்த நாலு பேரில் பாங்கோ என்கிற இரட்டைக் கொட்டு வாசித்தவன் தேசப்பன். குழு கலைந்ததும் இங்கே உலை வேலைக்கு வந்துவிட்டான்.

"இன்னா தேசப்பா, உன் பாட்டு வருதாமே. எந்த எடத்துல நீ கீறேன்னு சொல்லு, நாங்களும் கேட்டுக்கினு போறோம்" என்றான் கூட வேலை செய்யும் சேகர்.

"ஸ்டூடியோவுல வாசிச்சதை என் கண்ணால பார்த்தேன்யா" என்றார் தேசப்பனின் மச்சான் லோகநாதன்.

"மச்சான் சாட்சி திருவள்ளூர் கோர்ட்டுலயே எடுபடாது, உக்காருங்க" என்றான் சேகர்.

எல்லாரும் சிரித்தார்கள். தேசப்பனின் மகள் சந்திரகலா சிரிக்கவில்லை. 'எங்க நைனா வாசிச்ச பாட்டு' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி, புளுகுணி என்று பேர் வாங்கிக்கொண்டு வந்தவள் அவள்.

லோகநாதன் அவளைச் சமாதானப்படுத்த, மூக்கோரத்தில் விரலை வைத்து மூக்குத்தி மாதிரி காட்டினார். மருமகளைப் பார்க்கும்போதெல்லாம் செய்கிற வேடிக்கைதான். அவள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரியில் அம்மா பிழைப்பாளோ மாட்டாளோ என்று கிடந்து மீண்ட பிறகு, மாமா ரயில் பிடித்து ஸ்டூடியோவுக்கு ஓடினாராம். ஒலிப்பதிவு நடக்கிறது என்று உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, சிரித்துக்கொண்டே, உள்ளே வாசித்துக்கொண்டிருந்த தேசப்பனுக்குப் பெண் பிள்ளை என்று இப்படித்தான் சேதி சொன்னாராம். உள்ளே என்ன வாசித்தார்கள் என்பது அவருக்குக் கேட்கவே இல்லை.

பாட்டு தொடங்கியது. கூட்டம் தாளத்துக்குக் கைதட்டியது. தேசப்பனின் விரல்கள் தொடையில் தாமாகவே ஓடின.

அந்தப் பாட்டில் ஒரு இடம் உண்டு. பாங்கோ சட்டென்று நின்றுவிடும். ஒரு மூச்சு நேரம் துளசிராமன் குரல் மட்டும் வெட்டவெளியில் நிற்கும். பிறகுதான் வாத்தியங்கள் வந்து சேர்ந்துகொள்ளும். இன்றைக்கு எந்தக் கச்சேரியிலும் அந்த இடத்தில் நிறுத்தாமல் வாசிக்க மாட்டார்கள்.

"நிறுத்தறான் பாரு, அதான் துளசிராமன் மூளை" என்றான் சேகர், அந்த இடம் வருவதற்கு முன்பே.

ஊரே அப்படித்தான் சொல்கிறது. தேசப்பனும் மறுத்ததில்லை. தப்பு விழுந்துவிட்டது, மறுபடி எடுக்கலாம் என்று ஒலிப்பதிவுக்காரர் அன்றைக்குக் கத்தியபோது, "இருக்கட்டும் சார், இதான் நல்லா கீது" என்று தடுத்தவர் துளசிராமன். ஏன் நின்றது என்று கடைசிவரை அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை. செத்துப்போன மனுஷனிடமிருந்து அந்தப் பேரைப் போய்ப் பிடுங்குவதா?

"சொல்லேன் நைனா" என்றாள் சந்திரகலா.

தேசப்பன், பொறு என்று கையமர்த்தினான்.

அந்த இடம் வந்தது.

யாரும் சொல்லித்தராமலே அத்தனை கைகளும் நின்றன. சேகர் கையும்தான்.

அந்த ஒரு மூச்சு நேரத்தில் தேசப்பன் மகளைப் பார்த்தான். மூக்கோரத்தில் விரலை வைத்துக் காட்டினான்.

வாத்தியங்கள் திரும்பி வந்தன. கூட்டம் மறுபடி கைதட்டத் தொடங்கியது.

சந்திரகலாவின் கைகள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன.