டிவிக்குக் காது கேட்காது

"பின்னாடி வாடா, தடிமாடு! உன்னை யாருடா முன்னாடி ஓடச் சொன்னது?"

அவர் போட்ட கத்தலில் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி துள்ளி விழுந்தாள்.

"டிவிக்குக் காது கேக்காதுங்க."

"மீசை முளைக்காத பசங்க! இவனுங்களுக்குச் சாம்பியன்ஷிப் ஒண்ணுதான் கேடு!"

திரையில் அந்தத் தடிமாடு கோல் போட்டான்.

"குருட்டு அதிர்ஷ்டம்!" தலையணை சுவரில் மோதி விழுந்தது.

"இது மூணாவது கோல். மூணுமேவா?"

ஆட்டம் முடிந்தது. லீக்கில் அந்த அணி முதல் தடவையாக முதலிடத்துக்கு வந்திருந்தது. அவர் ரிமோட்டை விட்டெறிந்தார்.

போன் அடித்தது. மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, உதவி கோச் பேசறேன். ஜெயிச்சுட்டோம்! பசங்க இப்படி ஆடி நான் பார்த்ததே இல்ல. ரெஃப்ரியைத் திட்டினதுக்கு அண்ணனுக்குப் போட்ட தடை இன்னையோட முடியுதுல்ல?"

"ஆமா தம்பி. அடுத்த மேட்ச்சுக்கு உங்க கோச் மைதானத்துக்கே வந்துடுவார்."

உதவி கோச்சின் குரல் தாழ்ந்தது.

"பசங்க ஒண்ணு கேக்கச் சொன்னாங்க அண்ணி... வந்ததும் வராததுமா அண்ணன் இன்னொரு தடவை ரெஃப்ரியைத் திட்டிடுவாரான்னு."