தாத்தா காலத்து அம்மன்

“சாமி மேல கை வெச்சிடுவியா நீ? வெச்சிப் பாரு!”

அனந்தபுரம் சந்தைத் தெருவே திரும்பிப் பார்த்தது. தெய்வசிகாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜேசிபியை மறித்து நின்றார். அவருக்குப் பின்னால், புதுக் கட்டடத்தின் படிக்கட்டை ஒட்டி, மஞ்சள் பூசிச் சிவப்புப் பாவாடை கட்டிய ஒரு கல். அதன் அடியில் சிமென்ட் இன்னும் காயவில்லை.

பேரூராட்சி இன்ஜினியர் குமரேசன் டேப்பைச் சுருட்டினார். “படிக்கட்டு, முன்செவுரு எல்லாம் ரோட்டுல நிக்குதுங்க. பிளான்ல கிடையாது. போன மாசம் வந்தப்ப இந்தச் சாமியும் இல்லியே?”

“எங்க தாத்தா காலத்து சாமிய்யா! மண்ணுக்குள்ள பொதைஞ்சிக்கினு கெடந்தது. ஊர்ல யாரையாவது கேளு!”

எதிர்வீட்டு வெண்ணிலா முன்னால் வந்தாள். ‘இவளா, தொலைஞ்சோம்’ என்று நினைத்தார் தெய்வசிகாமணி. மல்லாட்டை பயிரிட்ட நிலத்தை விற்று, ஒயின் ஷாப்புக்கு வாடகைக்கு விடத்தான் அவர் இதைக் கட்டினார். கடைக்கால் தோண்டிய அன்றே, ‘எங்க தெருவுல ஒயின் ஷாப்பா’ என்று மண்ணை வாரித் தூற்றியவள் இவள்.

“ஆமா சார். அவங்க தாத்தா காலத்து சாமிதான்,” என்றாள் வெண்ணிலா. கல்லின் முன் கற்பூரம் ஏற்றினாள்.

ஜேசிபி திரும்பிப் போனது.

“சாமின்னதும் வெண்ணிலாவே பயந்துட்டா பாரு,” என்று தெய்வசிகாமணி மீசையைத் தடவிக்கொண்டார்.

வெண்ணிலா அதோடு நிற்கவில்லை. மணி வாங்கிக் கட்டினாள். தெருப் பெண்களைத் திரட்டிக் கூழ் ஊற்றினாள். ‘தாத்தா காலத்து அம்மன் ஆலயம்’ என்று ஃப்ளெக்ஸ் வைத்தாள். அதில் கைகூப்பியபடி தெய்வசிகாமணியின் படம். படம் நன்றாக வந்திருந்ததால் அவரும் அதை விட்டுவைத்தார்.

மறுவாரம் ஒயின் ஷாப்புக்கு இடம் பார்க்க விழுப்புரத்திலிருந்து அதிகாரி வந்தார். கட்டடத்துக்குள் அவர் நுழையவே இல்லை. ஃப்ளெக்ஸை ஒரு முறை படித்தார். மணியை அண்ணாந்து பார்த்தார்.

“கோயில் பக்கத்துல ஒயின் ஷாப்புக்கு பர்மிஷன் கிடையாதுங்க. வேற எடம் பார்த்துக்கறோம்.”

“சார், சார்! இது கோயிலே இல்ல சார். எங்க வீட்டு ஒடைஞ்ச அம்மிக்கல்லு. நான்தான் நட்டேன்!”

“படத்துல நீங்கதானே கும்பிட்டுக்கினு நிக்கறீங்க?”

தெய்வசிகாமணிக்கு ரத்தம் தலைக்கேறியது. குனிந்து இரண்டு கையாலும் கல்லைப் பிடுங்கப் போனார்.

தெருப் பெண்கள் திமுதிமுவென்று வந்து சூழ்ந்துகொண்டார்கள். வெண்ணிலா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“சாமி மேல கை வெச்சிடுவீங்களா மாமா? வெச்சிப் பாருங்க!”