ப்ராப்ஸ் பெட்டி

"கஞ்சி தனக்குத்தானே சீட்டு எழுதிப் போட்டுக்கறான் மேடம்! இதுக்குப் பேர் ப்ராப்ஸா? பித்தலாட்டம்!"

நான் போட்ட சத்தத்துல, லாண்டரியில இருந்த எட்டு பேரும் கைவேலையைப் போட்டுட்டு ஓடி வந்துட்டாங்க.

இந்த ப்ராப்ஸ் எங்க முதலாளி மேடம் கொண்டுவந்தது. "இங்கிலீஷ்ல பசங்க பேசற வார்த்தை. நல்லா வேலை செய்யறவங்களுக்கு நாலு பேர் முன்னாடி கொடுக்கற மரியாதை. வாரம் ஆளுக்கு ஒரு சீட்டு. பேரும் காரணமும் எழுதிப் பெட்டியில போடுங்க, நான் படிக்கறேன்"னாங்க.

அஞ்சு வாரமா கஞ்சிக்குத்தான் குவியுது. சட்டை மடிக்கறவன். எப்பவும் விறைப்பா நிப்பான், அதான் அந்தப் பேரு. எனக்கு வாரம் ஒண்ணு. ஒண்ணுன்னாலும் சும்மாவா? விஷயம் தெரிஞ்சதுலேருந்து வீட்டுல மாமியாரே எழுந்து நின்னு "வாங்க மாப்ளே"ங்கறாங்க!

"துணி மூட்டைக்கு மூட்டை நாமதானே அடையாளச் சீட்டு எழுதிக் கட்டறோம்? யார் கையெழுத்துன்னு எல்லாருக்கும் தெரியும். பார்த்துடலாம் மேடம்!"

கஞ்சி முகம் வெளுத்துப்போச்சு. "வேண்டாம்ணே. விட்டுடுங்கண்ணே."

"முழியைப் பாருங்க! கொட்டுங்க பெட்டியை!"

பழைய சீட்டுகளை மேடம் பேர்வாரியா கட்டி வெச்சிருந்தாங்க. கஞ்சி கட்டைப் பிரிச்சாங்க. பட்டன் தைக்கற அக்கா, வேன் டிரைவர், இஸ்திரி போடற அண்ணன்... ஏழு பேர் கையெழுத்து. அவனோடது ஒண்ணுகூட இல்லை.

"உங்க கையெழுத்தையும் காணோமே?"ன்னாங்க மேடம்.

"வேலை மும்முரத்துல மறந்துடுது மேடம். அதை விடுங்க, இவன் எழுதினதெல்லாம் எங்கே?"

மேடம் என் கட்டைப் பிரிச்சுப் போட்டாங்க. அஞ்சு சீட்டு.

'லேட்டா வந்தாலும் லீவு போட மாட்டார்.' 'கோபத்தை மனசுல வெச்சுக்க மாட்டார்.' 'நல்ல கணீர்க் குரல்.'

அஞ்சும் கஞ்சி கையெழுத்து.

யாராவது சிரிச்சிருந்தாக்கூடத் தேவலை. ஒருத்தரும் சிரிக்கலை.

மேடம் இந்த வாரப் பெட்டியைத் திறந்து, துழாவி, ஒரு சீட்டை என் கையில கொடுத்தாங்க. காலையிலேயே எழுதிப் போட்டிருக்கான்.

'அண்ணன் யார் மேலயும் வீண் பழி போட மாட்டார்.'