ரொம்சோஸில் ஒரு பெட்டிசம்

உங்கள் பிள்ளைகள் தமிழ் படிக்கிற அறையை யாரோ மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டுப் பூட்ட வைத்துவிட்டால், முதலில் யாரைச் சந்தேகப்படுவீர்கள்?

நோர்வேயில், ரொம்சோஸ் பகுதித் தமிழர் எல்லோரும் பெரிட் கிழவியைத்தான் சந்தேகப்பட்டார்கள். வகுப்பு நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடு. சிரிக்கத் தெரியாத முகம். ஞாயிற்றுக்கிழமைகளில் பதினாலு பிள்ளைகள் சேர்ந்து 'அ, ஆ' என்று கத்தும்போது யன்னல் திரையை விலக்கிப் பார்ப்பதும் அவள் ஒருத்திதான்.

"வெள்ளைக்காரிக்கு எங்கட சத்தம் பிடிக்கேல்லை, போட்டிட்டாள்," என்றார் தமிழ்ச் சங்கத் தலைவர் தர்மலிங்கம். கொம்யூனில், அதாவது நகரசபையில் இருந்து, எவருக்குக் கடிதம் வந்தாலும் வாசித்துப் பொருள் சொல்பவர் அவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வகுப்பைத் தொடங்கியவள் கஜேந்தினி. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், இரண்டு பிள்ளைகளின் தாய். அவளும் மூன்று கிழமையாகப் பெரிட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

இன்று ஞாயிறு மத்தியானம் பெற்றோர் எல்லோரும் கஜேந்தினி வீட்டு ஹோலில் கூடியிருந்தார்கள். தர்மலிங்கம் கையில் ஒரு கட்டுப் படிவம்.

"வெள்ளையளோட மல்லுக்கட்டி வேலையில்லை. ஹவுகெட்டோவில எங்கட சங்க வகுப்பு பிள்ளையள் காணாமல் கிடக்குத்தானே? கையெழுத்தை வையுங்கோ. வாற கிழமையே சேர்த்து விடுறன்."

"ஹவுகெட்டோவோ! சுரங்க ரயில் ஒண்டு, பிறகு மற்ற ரயில் ஒண்டு. என்ர மூண்டையும் பனிக்குள்ள இழுத்துக்கொண்டு போய்ச் சேர வகுப்பு முடிஞ்சிடும்," என்றாள் ஞானமலர். சொல்லிக்கொண்டே பேனாவையும் எடுத்தாள். வேறு என்ன செய்வது?

"பொறுங்கோ அக்கா. கையெழுத்து வைச்சால் எங்கட அறை போனது போனதுதான்," என்றாள் கஜேந்தினி. "நான் பெட்டிசத்தைத் தேடிப் பிடிச்சிட்டன்."

தர்மலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். "அரசாங்கத்துக்குப் போன கடிதம் அலுமாரிக்குள்ள கிடக்கும் தங்கச்சி. எந்த அலுமாரியை உடைச்சனீர்?"

"அலுமாரி ஊரில அண்ணை. இஞ்சை இன்ரநெற்றில கிடக்கு."

"நெற்றிலையோ! நெற்றில ஆரும் எதையும் எழுதலாம். போன மாசம் எங்கட ஆக்களின்ர பக்கம் ஒண்டில, இனி ஒருத்தருக்கும் நோர்வே பாஸ்போட் இல்லையெண்டு போட்டிருந்தாங்கள். ஞானமலர் மூண்டு நாள் சாப்பிடேல்லை."

"ரெண்டு நாள்," என்றாள் ஞானமலர்.

"இது அந்தமாதிரிப் பக்கம் இல்லை. கொம்யூன்ர சொந்தப் பக்கம். வந்த கடிதம் ஒவ்வொண்டுக்கும் நம்பர் இருக்கு, திகதி இருக்கு, அனுப்பின ஆளின்ர பேர் இருக்கு. கவுண்டரில நிண்ட பெட்டையை 'ஆர் போட்டது' எண்டு கேட்டன். 'என்னை ஏன் கேக்கிறாய், பக்கத்தைப் பார்' எண்டாள். நம்பரைக் குறிச்சுப் பிரதி கேட்டன். ஏன் எதுக்கெண்டு ஒரு கேள்வியில்லை. ரெண்டு நாளில தபாலில வந்திட்டுது. எங்கட பக்க நியாயத்தைச் சொல்ல வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணையும் இருக்கு."

"உமக்கு அவ்வளவு நொர்ஸ்க் பாசை விளங்குமோ?"

"விளங்காததுக்கு அகராதி இருக்கண்ணை. சின்னவன் நித்திரை கொள்ளுற நேரம் காணும்."

தர்மலிங்கம் மணிக்கூட்டைப் பார்த்தார். "ஐயோ, எனக்கு வேற ஒரு கூட்டம். நீங்கள் கதைச்சு முடிவெடுங்கோவன்."

"இருங்கோ, தேத்தண்ணி வருது. வந்தது ரெண்டு கடிதம். முதலில பெரிட்டின்ரயை வாசிக்கிறன்."

ஹோலே முன்னால் சாய்ந்தது. கஜேந்தினி தமிழாக்கி, சொல் சொல்லாக வாசித்தாள்.

"'எதிர்வீட்டில் இருப்பவள் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பிள்ளைகளின் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கிறது. இரண்டு கிழமையாகக் கேட்கவில்லை. அறையைத் திறந்து விடுங்கள்.'"



"அந்த மனுசிக்கு நான் முகம் குடுக்காமல் திரிஞ்சனான்," என்றாள் கஜேந்தினி. "காலமை போய் மன்னிப்புக் கேட்டன். அப்பவும் சிரிக்கேல்லை. ஆனால் கோப்பி ஊத்தித் தந்தவ."

ஞானமலர் பேனாவை மேசையில் எறிந்துவிட்டு எழும்பினாள். "அப்ப, எங்கட பிள்ளையளின்ர கதவைப் பூட்டினது ஆர்?"

தர்மலிங்கம் கதவடிக்குப் போய், ஒரு காலைச் சப்பாத்துக்குள் விட்டிருந்தார். கஜேந்தினி அவசரப்படாமல் நடந்து போனாள். கதவுக்குக் குறுக்கே நின்று, இரண்டாவது தாளை அவரிடம் நீட்டினாள்.

"நீங்கள் எழுதினது அண்ணை. நீங்களே எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வாசிச்சு விடுங்கோ."