ஐந்து பேர் தீர்ப்பு

“நல்லா யோசிங்க, சுதந்திரமா முடிவு பண்ணுங்க. ஆனா குற்றவாளின்னு எழுதிக் குடுத்துடுங்க” என்றார் பர்சனல் மேனேஜர் பிரேம்நாத்.

ஆம்பூரில் உள்ள அந்த ஷூ கம்பெனியில் யார் மேல் புகார் வந்தாலும், தொழிலாளர்களே தேர்ந்தெடுத்த ஐந்து பேர்தான் விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஷூ வாங்க வெளிநாட்டு பையர்கள் வரும்போதெல்லாம் கம்பெனி இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ளும்.

பசை ஒட்டும் செக்‌ஷன் அக்சா, வேலை நேரத்தில் மூன்று நிமிடம் போனில் பேசிவிட்டாளாம். அதற்குத் தண்டனை, ஆறு மாதம் பேக்கிங் செக்‌ஷன். அங்கே இன்சென்டிவ் கிடையாது. போன வருஷம்தான் கல்யாணமான பெண், பாவம்.

ஐவரில் மூத்தவள் சம்பூர்ணம். இருபது வருஷமாகத் தையல் மெஷின் ஓட்டுகிறவள், யாருக்கும் பயப்பட மாட்டாள்.

“தீர்ப்பை நீங்களே சொல்லிட்டா, நாங்க இன்னாத்துக்கு சார்?”

“கையெழுத்துக்கு” என்றார் பிரேம்நாத். அவசரத்தில் உண்மை வந்துவிட்டது.

இந்தக் கம்பெனியில் வேலை நேரத்தில் போன் பேசாதவர் யார் என்று கேட்டான் கட்டிங் செக்‌ஷன் தபரேஸ். பிரேம்நாத் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் போனே அடித்தது.

அதட்டிப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். டீயும் சமோசாவும் வரவழைத்தார். சமோசாவைத் தின்றார்களே தவிர, யாரும் மசியவில்லை. ‘குற்றவாளி இல்லை’ என்று எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பிரேம்நாத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெளியே காத்திருந்த அக்சாவை உள்ளே கூப்பிட்டாள் சம்பூர்ணம். ஒரு ஏழைப் பெண்ணைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் அவள் தோளில் தட்டிக் கொடுத்தாள்.

“நீ தைரியமா பசை செக்‌ஷனுக்கே போம்மா. யாராலயும் உன்னை மாத்த முடியாது.”

அக்சா அழுதுவிட்டாள்.

“அக்கா, நான் மூணு மாசம் முழுகாம இருக்கேன். அந்தப் பசை நாத்தத்துல தினம் மயக்கம் வருது. நாமளா கேட்டா செக்‌ஷன் மாத்த மாட்டாங்களாம், தண்டனைன்னாதான் மாத்துவாங்களாம். அதான் சாரே பாத்து ஒரு குத்தத்தைப் போட்டுக் குடுத்தாரு. வெளிய தெரிஞ்சா அவர் வேலையே போய்டும்.”

ஐந்து பேரும் பிரேம்நாத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சம்பூர்ணம் அந்தத் தாளை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

“வேற பேப்பர் குடுங்க சார். போன் மட்டும் பத்தாது, சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசினதையும் சேர்த்துப் போட்டுடலாம்.”